மலிவும் ருசியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓணத்துக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வீட்டிலேயே போடலாம் என்று நினைக்கிறேன். கடையில் வாங்குவதைவிட உண்மையிலேயே மிச்சம் ஆகுமா? போன தடவை போட்டது பார்க்க அழகாக இருந்தது, வாயில் போட்டால் சவசவ என்று இருந்தது.
– வாசகி, களியக்காவிளை

பதில்: மிச்சம் ஆகும், ஆனால் காயை எப்போது வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். தோலோடு மூன்றரைக் கிலோ ஏத்தங்காய் இருந்தால் சுமார் ஒரு கிலோ சிப்ஸ் கிடைக்கும். தோலும் காம்பும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பிறகு காயில் உள்ள ஈரமெல்லாம் எண்ணெயில் வற்றிவிடும். ஒரு கிலோ சிப்ஸ் ஏறக்குறைய 350 கிராம் எண்ணெயைக் குடிக்கிறது. காய் கிலோ 40 ரூபாய், தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காய்க்கு 140, எண்ணெய்க்கு 140, காஸ், உப்பு, மஞ்சளுக்கு 15. ஆக 295 ரூபாய். அதே காய் 80 ரூபாய்க்கு ஏறினால் 435 ஆகிவிடும். இதில் உங்கள் ஊர் விலையைப் போட்டு, கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அடக்கத்துக்கும் குறைவாக ஒருவர் ‘தேங்காய் எண்ணெயில் பொரித்தது’ என்று விற்றால், அது தேங்காய் எண்ணெயாக இருக்க வழியில்லை.

ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாள் பிறந்துவிட்டால் கேரள எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் காய் விலை ஏறத்தான் செய்யும். அத்தத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிப் பொரித்து, காற்றுப் புகாத தகர டின்னில் அடைத்துவிட்டால் மூன்று வாரம் மொறுமொறுப்புக் குறையாது. ஓணம் முடிந்து விலை இறங்கிய பிறகு வாங்கினால் இன்னும் லாபம். குலையாக எடுத்தால் தண்டும் எடையில் சேரும், அதனால் சீப்பாகக் கேளுங்கள். குலையின் கடைசிச் சீப்பு விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம். அதில் காய் சிறியது, தோல்தான் அதிகம்.

இனி சவசவப்புக்கு வருவோம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். சட்டியில் ஒரே ஈடாகக் காயை அள்ளிப் போட்டிருப்பீர்கள், அல்லது வட்டம் கனமாக விழுந்திருக்கும், இல்லையென்றால் சூடு ஆறும் முன்பே டின்னில் அடைத்திருப்பீர்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு ஈட்டில் ஒரு காய்தான் கணக்கு. அதற்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு விழுந்து, காய் பொரியாமல் வேகும். வட்டம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் இருந்தால் போதும்.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலை உரியுங்கள். உரித்த காயை மஞ்சள் கலந்த தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் கறை போகும். எடுத்து, துணியால் ஈரத்தை ஒற்றிவிட்டு, சீவுகட்டையால் நேரே எண்ணெய்க்குள் சீவுங்கள். ஒரு வட்டத்தைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடியில் நுரைத்து மேலே வந்தால் எண்ணெய்ச் சூடு சரி. நூறு மில்லி தண்ணீரில் நான்கு டீஸ்பூன் உப்பும் சிறிது மஞ்சளும் கரைத்துப் பக்கத்தில் வைத்திருங்கள். அரிகரண்டியால் கிளறும்போது சிப்ஸ் கலகலவென்று சத்தம் போட்டால், அந்த உப்புத் தண்ணீரில் ஒரே ஒரு டீஸ்பூன் விடுங்கள். எண்ணெய் பொங்கித் தெறிக்கும். ஒதுங்கி நில்லுங்கள், குழந்தைகளை அடுப்பண்டை விடாதீர்கள். சடசடப்பு முழுக்க அடங்கியதும் அரித்தெடுக்கலாம். காரல் எடுக்காத எண்ணெய் என்றால், வடிகட்டி வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தாளிக்கச் செலவழித்துவிடுங்கள். பழைய எண்ணெயில் புதிய எண்ணெயை ஊற்றி மறுபடி மறுபடி பொரிக்க வேண்டாம்.

தோலையும் எறியாதீர்கள். பொடியாக அரிந்து, மோர் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுப் பிழிந்து, வேகவைத்த சிறுபயறோடு சேர்த்துத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைத்தால் இரண்டு வேளைக்குத் தொடுகறி ஆயிற்று.

கேள்வி: பாறசாலை பக்கம் போகும்போது சப்ளைகோ (கேரள அரசின் நுகர்பொருள் கழகம்) கடையில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்து வாங்க முடியுமா?
– வாசகர், குழித்துறை

பதில்: மானியப் பொருள்கள் கேரள ரேஷன் கார்டுக்குத்தான். சப்ளைகோவின் சொந்தப் பிராண்டான சபரி தேயிலை, மசாலா போன்ற மற்றவற்றை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் பஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அரைக் கிலோ தேயிலைக்காக மட்டும் எல்லை தாண்டுவதில் லாபமில்லை. வேறு வேலையாகப் போனால் வாங்கி வரலாம். உங்கள் கார்டுக்கு இங்கேயே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறதே, அதை விட்டுவிடாமல் மாதம் தவறாமல் வாங்குங்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ரேஷன் அரிசியை எல்லைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விற்பது குற்றம். ‘உறவுக்காரருக்குத்தான்’ என்றாலும் மூட்டையாகக் கொண்டுபோனால் சோதனையில் பிடிபடுவீர்கள்.

பாக்கெட் பொருள்களில் அதிகபட்ச விலையோடு, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சிட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. சில பொருள்களில் சின்ன பாக்கெட்டுதான் கிராம் கணக்கில் குறைவாக வரும். அதிகபட்ச விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கேள்வி: முந்திரிக்கொத்து (சிறுபயறு, வெல்ல உருண்டையை மாவில் முக்கிப் பொரிப்பது) எண்ணெயில் போட்டதும் உடைந்து, வெல்லம் கசிந்து, எண்ணெயே கறுத்துவிடுகிறது. ஒரு ஈடு போட்டதும் எண்ணெயைக் கொட்ட வேண்டியதாயிற்று. எங்கே தப்பு?
– வாசகி, தக்கலை

பதில்: எண்ணெயைக் கொட்டினால் சிக்கனமெல்லாம் அதோடு போயிற்று, ஆகவே விளக்கமாகவே சொல்கிறோம்.

அரைக் கிலோ சிறுபயறை இளந்தீயில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்துவிட்டு, ரவை பதத்துக்குக் கொஞ்சம் நைசாகப் பொடியுங்கள். ஐம்பது கிராம் பொடியைத் தனியே எடுத்து வையுங்கள், பிறகு கைகொடுக்கும். நூறு கிராம் தேங்காய்த் துருவலைப் பொன்னிறமாக, கையில் நொறுங்கும் அளவுக்கு வறுங்கள். இங்கே அவசரப்பட்டால்தான் நாலாம் நாளே காரல் வாசம் வரும். வறுத்த எள் ஐம்பது கிராம், ஏலக்காய் எட்டு, சுக்குத்தூள் ஒரு டீஸ்பூன். நானூறு கிராம் வெல்லத்தை 150 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி, எடுத்து வைத்த பொடி தவிர மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துக் கிளறுங்கள்.

உடைவதற்கு முதல் காரணம் இந்தப் பாகுதான். விரலால் தொட்டுப் பிரித்தால் கம்பி இழுபட வேண்டும். பதம் வருமுன்பே இறக்கிவிட்டால் உருண்டைக்குள் இருக்கும் வெல்லம் எண்ணெய்ச் சூட்டில் இளகி, மாவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பாகு இளகலாகப் போய்விட்டது என்று தெரிந்தால் எடுத்து வைத்த பொடியைத் தூவிப் பிசையலாம். இறுகிப் போனால் கொஞ்சம் வெந்நீர் தெளியுங்கள். சூடு தாங்கும்போதே நெல்லிக்காய் அளவு உருட்டி, நிழலில் ஒரு இரவு காய விடுங்கள். இப்படிக் காயவைப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேல்புறம் தட்டினால் ‘டொக்’ என்று கேட்க வேண்டும்.

மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு 200 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, சிட்டிகை மஞ்சள். தோசைமாவை விடக் கொஞ்சம் இறுக்கமாகக் கரையுங்கள். ஒரே இடத்தில் மாவு பிடிக்காமல் விட்டால் போதும், அந்த ஓட்டை வழியாக வெல்லம் ஒழுகும், எண்ணெய் கறுக்கும். உருண்டையை முக்கி எடுத்தபின் ஒருமுறை திருப்பிப் பார்த்து, வெறுமையான இடம் இருந்தால் மாவைத் தடவிவிடுங்கள். பிறகு மூன்று மூன்றாகச் சேர்த்து மிதமான சூட்டில் விடுங்கள், மேல்மாவு இறுகும் வரை தொடக்கூடாது. முதலில் ஒரு கொத்து மட்டும் போட்டுப் பார்த்து, அது கசியவில்லை என்றால் மீதியைப் போடலாம்.

வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் கட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். கறுப்பு வெல்லம் பெரும்பாலும் விலையும் குறைவு, முந்திரிக்கொத்தின் உள்ளே நிறத்தைப் பார்ப்பவரும் இல்லை.

கேள்வி: சந்தையில் சாயங்காலம் தக்காளி கூறு கட்டி மலிவாகத் தருகிறார்கள். வாங்கினால் பாதி அழுகிவிடுகிறது. வாங்கலாமா, கூடாதா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: அன்றைக்கே அடுப்பில் ஏற்றுவதென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். தொக்குக்கு இதைவிட நல்ல தக்காளி கிடையாது. வெடித்திருக்கலாம், ஆனால் புளித்த வாடையோ பூஞ்சையோ கூடாது. ஒரு கிலோவுக்குப் புளி 30 கிராம், உப்பு 30 கிராம், மிளகாய்த்தூள் 25 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி. வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு டீஸ்பூன். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும் வரை முக்கால் மணி நேரமாவது வதக்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். தாங்காமல் போனால் காரணம் பெரும்பாலும் ஈரக் கரண்டிதான். கூறில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்கவை பூசணி, தடியங்காய் (வெள்ளைப் பூசணி), சேனை. கீரையும் வெண்டையும் கூறில் வேண்டாம்.

கேள்வி: குமுளியில் ஏலக்காயும் மிளகும் கடைக்குக் கடை விலை மாறுகிறது. எதை வாங்குவது?
– வாசகர், கம்பம்

பதில்: ஏலக்காயின் விலையை முடிவு செய்வது அதன் அளவும் நிறமும். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, பச்சை மாறாத காய்க்குத்தான் உச்ச விலை. அது தட்டில் வைத்து அழகு பார்ப்பதற்கு. பாயசத்துக்கும் தேநீருக்கும் பொடி செய்வதற்கு ஆறு ஏழு மில்லிமீட்டர் காயும், வெடித்த காயும் போதும். ஆனால் வெடித்த காயை நசுக்கிப் பாருங்கள்: உள்ளே விதை கறுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும்; வெளுத்துக் காய்ந்திருந்தால் எண்ணெய்ச் சத்து போய்விட்டது. தோலைத் தூக்கிப் போடாமல் சர்க்கரை டப்பாவிலோ தேயிலை டப்பாவிலோ போட்டு வையுங்கள்.

மிளகு அறுவடை டிசம்பரிலிருந்து மார்ச் வரை. புதிய சரக்கு வரும் அந்த மாதங்களில் வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து அடைத்துவிடுங்கள். வாங்கும் முன் ஒரு பிடியைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். நல்ல மிளகு பெரும்பாலும் மூழ்கும். மிதப்பது பெரும்பாலும் சப்பை, அல்லது பப்பாளி விதை. பளபளவென்று மினுங்கி மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டுத் தேங்காயைக் கொப்பரை போட்டு ஆட்டினால் கட்டுபடியாகுமா? கடையில் பாட்டில் வாங்குவதே எளிது என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, குலசேகரம்

பதில்: எளிதுதான். ஆனால் நல்ல எண்ணெய் வேண்டுமென்றால் ஆட்டுவதே மேல். தேங்காய் சொந்தமென்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ கொப்பரைக்கு ஏழெட்டுத் தேங்காய் வேண்டும். பத்துக் கிலோ கொப்பரை எக்ஸ்பெல்லரில் (மில் இயந்திரத்தில்) ஆட்டினால் ஆறிலிருந்து ஆறரைக் கிலோ எண்ணெய், மரச்செக்கில் அதைவிட அரைக் கிலோ குறைவு. லிட்டர் கணக்கில் சொன்னால் எக்ஸ்பெல்லரில் கொப்பரை விலையை ஒன்றரையால் பெருக்குங்கள், செக்கில் ஒன்று புள்ளி ஆறால். அதுதான் ஒரு லிட்டரின் அடக்கம். புண்ணாக்கை மில்லிலேயே விட்டுவிட்டால் பல இடங்களில் ஆட்டுகூலிக்குச் சரியாகிவிடும்.

நஷ்டம் வருவது காயவைப்பதில்தான். வெயில் நன்றாக இருந்தால் ஐந்திலிருந்து ஏழு நாள், இரவு பனி படாமல் மூட வேண்டும். ஒடித்தால் ‘படக்’ என்று ஒடிந்து, கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்ட வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். ஈரத்தோடு ஆட்டிய எண்ணெய் ஒரு மாதத்தில் காரல் எடுக்கும். பச்சை, மஞ்சள் பூஞ்சை பிடித்த துண்டுகளைச் சுரண்டிவிட்டு ஆட்டலாம் என்று எண்ணாதீர்கள், அந்த நஞ்சு சுரண்டினால் போகாது. அவற்றை மாட்டுக்கும் போட வேண்டாம். விலைக்குக் கொப்பரை வாங்கினால் கந்தகப் புகை போட்டதா என்று முகர்ந்து பாருங்கள், மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கும்.

ஆட்டிக் கொண்டுவந்த எண்ணெயை உடனே பாட்டிலில் அடைக்காதீர்கள். எவர்சில்வர் தூக்கில் நான்கு நாள் அசையாமல் வைத்து, அடியில் கசடு படிந்தபின் மேலாக வடித்து, ஒரு நாள் வெயில் காட்டி அடையுங்கள். அடிக்கசடு வீணில்லை, நாலைந்து மிளகு தட்டிப்போட்டுக் காய்ச்சினால் தலைக்குத் தேய்க்க ஆகும்.