ஆக்டோபஸின் சிறுநீரகத்தில் தேடுவது எப்படி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆக்டோபஸின் சிறுநீரகத்தில் வாழும் டைசையமிட் ஒட்டுண்ணிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் விலங்கியல் முதுகலை மாணவி. உறைபெட்டியில் இருந்த ஆக்டோபஸ் ஒன்றை அறுத்து, சிறுநீரகத் துண்டைக் குழாய்நீரில் நசுக்கி ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். வெறும் துகள்கள்தான் தெரிந்தன. எங்கே தவறினேன்? இவ்வளவு உயிர்கள் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டால் ஆக்டோபஸ் நோயுறாதா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நீங்கள் பார்த்த துகள்களில் டைசையமிட்டுகளின் மிச்சமும் இருந்திருக்கலாம். மொத்தமே 10 முதல் 40 செல்கள் வரை கொண்ட உடல் அது. நடுவே நீண்ட ஒரே அச்சுச் செல், அதைச் சுற்றி குற்றிழைகள் (மயிர்போல் அசையும் நுண்ணிழைகள்) உள்ள ஓரடுக்கு வெளிச்செல்கள், அவ்வளவுதான். குடல், நரம்பு, ரத்தக் குழாய் எதுவும் இல்லை. காக்கத் தடித்த தோலும் இல்லாததால் ஆக்டோபஸ் இறந்த சில மணி நேரத்தில் இவையும் சிதையத் தொடங்கும். உறைய வைத்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். கடல்நீரின் உப்புச்செறிவுக்குப் பழகிய செல்கள் குழாய்நீரில் உப்பி வெடிக்கும். இந்த மூன்றும் உங்கள் ஸ்லைடில் சேர்ந்துவிட்டன.

அப்போதுதான் பிடிபட்டு இறந்ததை எடுங்கள். இதற்கென்று ஒன்றைக் கொல்ல வேண்டியதில்லை. அடிப்புறத்தில் மேன்டிலை (உள்ளுறுப்புகளைப் போர்த்திய சதைப் போர்வையை) நடுக்கோட்டில் திறக்கவும். மைப்பை கிழிந்தால் எல்லாம் கறுத்துவிடும், ஆகவே கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். இருபுறமும் மெல்லிய சுவருள்ள சிறுநீரகப் பைகள் இரண்டு தெரியும். அவற்றுக்குள், செவுள் இதயங்களுக்கு (செவுள்களுக்கு ரத்தம் தள்ளும் இதயங்களுக்கு) போகும் சிரைகளின் மேல், திராட்சைக் கொத்துபோல் பஞ்சுத்தன்மையாக இருப்பவைதான் சிறுநீரக இணைப்புகள். ஒட்டுண்ணிகள் அவற்றின் மடிப்புகளில்தான் இருக்கும். பையை வெட்டும் முன் உள்ளிருக்கும் சிறுநீரைத் துளிசொட்டியால் உறிஞ்சித் தனியே வையுங்கள்.

இணைப்பில் 2–3 மில்லிமீட்டர் துண்டை வெட்டி, அந்தச் சிறுநீரிலோ கடல்நீரிலோ வைத்து, நசுக்காமல் மூடுவில்லை (மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடி) போட்டு 100 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். புழுப்போன்ற வெண்ணிற உயிர்கள் குற்றிழைகளை அசைத்தபடி மெல்ல நகரும். இனத்தைப் பொறுத்து நீளம் அரை மில்லிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை இருக்கும்.

நிலையான ஸ்லைடுக்கு, வெட்டிய முகத்தை மூடுவில்லையில் மென்மையாகத் தொட்டு இழுத்து, ஈரம் காய்வதற்குள் ஆல்கஹால் கலந்த பௌயின் கரைசலில் (செல்களைச் சிதையாமல் நிலைநிறுத்தும் திரவத்தில்) போடுங்கள். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: சில வினாடி காற்றில் காய்ந்தாலே செல் எல்லைகள் மங்கிவிடும், பிறகு எந்தச் சாயமும் உதவாது. 24 மணி நேரம் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி, மஞ்சள் நிறம் போகும்வரை எத்தனாலைப் புதுப்பியுங்கள். பிறகு ஹீமடாக்சிலின், இயோசின் சாயம். பௌயினில் பிக்ரிக் அமிலம் உண்டு. அது காய்ந்து படிகமானால் வெடிக்கக்கூடியது. புட்டியின் மூடியைத் துடைத்தே மூடுங்கள்.

சாயமேற்றியபின் தலைப்பகுதியின் செல்களை எண்ணுங்கள். முன்வரிசையில் நான்கு, பின்வரிசையில் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக நேருக்கு நேர் இருந்தால் டைசைமா என்ற பேரினம். பின்வரிசையில் ஐந்து என்றால் டைசைமெனியா. ஒரே ஆக்டோபஸில் பல இனங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு: கூம்புத் தலை உள்ளவை மடிப்புகளுக்குள் நுழைந்துகொள்ளும், தட்டுத் தலை உள்ளவை சமதளத்தில் ஒட்டும். அச்சுச் செல்லின் உள்ளேயே கருக்கள் (செல்லின் உட்கரு அல்ல, உருவாகும் குஞ்சுகள்) வளர்வதையும் காண்பீர்கள். ஒரு செல்லுக்குள் அடுத்த தலைமுறை உருவாவதை நேரில் பார்க்கும் வாய்ப்பு விலங்குலகில் அரிது, அந்த ஸ்லைடை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். கூட்டம் பெருகும்போது புழுவடிவக் குஞ்சுகளுக்குப் பதில், பாலினப்பெருக்கத்தால் உண்டான சிறிய நீந்தும் இளம் உயிரிகள் பிறக்கும். சிறுநீரோடு கடலுக்குப் போவன அவைதான். தனியே எடுத்துவைத்த துளியில் அவற்றைத் தேடுங்கள்; முன்முனையில் பளிச்சிடும் இரண்டு மணிகள் அடையாளம்.

திறந்த கடலில் நீந்தும் கணவாய்களின் சிறுநீரகத்தில் குரோமிடினா என்ற வேறொரு புழுவடிவ உயிர் வாழ்கிறது. அது ஒரே செல்லாலான குற்றிழை உயிரி. வெளிச்செல் எல்லைகள் தெரியாவிட்டால் அதுதானா என்று பாருங்கள்.

நோயைப் பற்றிக் கேட்டீர்கள். இணைப்புகளின் மேற்பரப்பைக் கம்பளமாக மூடியிருக்கும் ஆக்டோபஸ்களிலும் இவற்றால் வந்த நோய் என்று எதுவும் தெளிவாக நிறுவப்படவில்லை. இவை திசுவைத் தின்பதில்லை, சிறுநீரில் கரைந்த சத்துக்களை உறிஞ்சியே வாழ்கின்றன. அமோனியாவை வெளியேற்ற இவை உதவுகின்றன என்றொரு கருத்தும் உண்டு. ஆனால் இவை இல்லாத ஆக்டோபஸ்களும் நன்றாகவே வாழ்வதால், இரண்டுக்கும் நன்மை தரும் கூட்டு வாழ்வு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒட்டுண்ணி என்ற பெயரும் கொஞ்சம் கடுமையானதுதான்.

1876-இல் பெல்ஜிய விலங்கியலாளர் வான் பெனடன் இவற்றை ஒருசெல் உயிர்களுக்கும் பலசெல் விலங்குகளுக்கும் இடைப்பட்டவை என்றார். 1999-இல் வெளியான ஹாக்ஸ் மரபணு (விலங்கின் உடலமைப்பை வகுக்கும் மரபணு) ஆய்வு, இவை மெல்லுடலிகளும் வளையப்புழுக்களும் அடங்கிய பெரும் பிரிவைச் சேர்ந்து, பின்னாளில் எளிமையானவை என்று காட்டியது.

புதிய மாதிரியிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் முறை தவறென்று முடிவுகட்டாதீர்கள். இளம் ஆக்டோபஸ்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. கடலடியில் வாழும் வளர்ந்த ஒன்றை எடுத்து, இரண்டு பக்கச் சிறுநீரகத்திலும் வெவ்வேறு இடங்களில் துண்டெடுத்துப் பார்த்த பிறகே குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.