டெஸ்டுக்கு முன்னாடி சித்திகிட்ட பேசுங்க

வணக்கம் அக்கா,

உங்க கட்டுரையெல்லாம் ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், எழுதறது இதான் முதல் தடவை. பேர் போட வேணாம் ப்ளீஸ். எனக்கு 33 வயசு. அம்மாவுக்கு 48 வயசுல ஓவரி கேன்சர் வந்துச்சு, 51ல போயிட்டாங்க. அம்மாவோட தங்கச்சி, என் சித்திக்கு 43 வயசுல மார்பகப் புற்றுநோய், ட்ரிபிள் நெகட்டிவ்னு சொன்னாங்க, கீமோ ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப நல்லா இருக்காங்க. அம்மாவோட அப்பாவுக்கு பிராஸ்டேட் கேன்சர் இருந்துச்சுன்னு இப்பதான் எனக்கே தெரியும், வீட்ல யாரும் அதப் பத்தி பேசினதே இல்ல.

சமீபத்துல செக்கப் போனப்ப டாக்டர் ஜெனடிக் டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்னு சொன்னாங்க, அதுலேருந்து சரியா தூக்கமே இல்ல. வீட்டுக்காரர் "நல்லாத்தானே இருக்க, இருக்கற நிம்மதிய எதுக்கு கெடுத்துக்கற"ங்கறார். தம்பி "இது பொம்பளைங்க விஷயம், என்னை விட்டுடு"ன்னுட்டான். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலிக்கு மார்பகப் புற்றுநோய் வர 87 சதவீதம் வாய்ப்புன்னு படிச்சேன், எனக்கும் அப்படி வந்தா என்ன பண்ணுவேன்? தெரிஞ்சுக்காமலே இருந்துடலாமா? எச்சில் துப்பி அனுப்பற கிட் ஒண்ணு ஆன்லைன்ல இருக்கே, யாருக்கும் சொல்லாம அதுல பாத்துட்டு அப்புறம் யோசிக்கலாமா? 6 வயசுல பொண்ணு இருக்கா, அவளுக்கும் எடுக்கணுமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

வீட்டுக்காரர் சொன்னதுலேருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா நீங்க கேட்ட எல்லா கேள்விக்கும் அடியில அவர் சொன்ன அந்த நிம்மதிதான் உக்காந்திருக்கு. அவர் அன்புலதான் சொல்றார், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா கெடுத்துக்கறதுக்கு அந்த நிம்மதி இப்ப எங்க இருக்கு? அம்மாவுக்கு 48, சித்திக்கு 43, தாத்தாவுக்கு பிராஸ்டேட், இத மூணையும் ஒரே பேப்பர்ல எழுதிக் காட்டினா பரம்பரை நோய் பத்தி ஆலோசனை சொல்ற எந்த ஜெனடிக் கவுன்சிலரும் நிமிந்து உக்காருவாங்க, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே. ஓவரி கேன்சர் வந்தவங்கள்ல 100க்கு ஏறக்குறைய 15 பேருக்கு பிஆர்சிஏ ஜீன்ல பிறவியிலயே கோளாறு இருக்கு (பிஆர்சிஏ 1, 2ன்னு ரெண்டு ஜீன், அதுல கோளாறு இருந்தா மார்பகத்துலயும் ஓவரியிலயும் கேன்சர் வர வாய்ப்பு ஏறும்), அதனாலதான் வயசு என்னவா இருந்தாலும் ஓவரி கேன்சர்னாலே டெஸ்ட் எடுங்கன்னு இப்ப சொல்றாங்க. சின்ன வயசுல வர்ற ட்ரிபிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோன் மருந்துங்க வேலை செய்யாத வகை மார்பகப் புற்றுநோயும் அதே பக்கம்தான் கை காட்டுது.

குடும்பங்களுக்கு இது டாக்டர்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். 1895ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஆல்ட்ரெட் வார்த்தின்னு ஒரு டாக்டர்கிட்ட, துணி தைக்கற ஒரு அம்மா, எங்க வீட்ல நிறைய பேர் கேன்சர்லதான் போனாங்க, நானும் சீக்கிரமே அப்படித்தான் போவேன்னு சொல்லியிருக்காங்க. சொன்ன மாதிரியே கர்ப்பப்பை புற்றுநோய்ல போனாங்க. வார்த்தின் அந்த குடும்பத்த விடாம தொடர்ந்து 1913ல எழுதினார், குடல், கர்ப்பப்பை கேன்சர் பரம்பரையா வர வைக்கற ஜீன் கோளாறு, இன்னைக்கு லிஞ்ச் சிண்ட்ரோம்னு சொல்றோமே அதுதான் அந்த குடும்பத்துல ஓடிட்டிருந்தது. அந்தம்மாவுக்கு தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியல, அந்த காலத்துல பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க நிலைமை அப்படி இல்ல.

தெரிஞ்சுக்காம இருந்துடலாமான்னு கேக்கறீங்க, அது உங்க உரிமைதான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அமெரிக்க விஞ்ஞானி நான்சி வெக்ஸ்லர் தன் அம்மாவுக்கு வந்த ஹண்டிங்டன்ங்கற, மூளைய படிப்படியா கெடுக்கற பரம்பரை நோய்க்கான ஜீனை கண்டுபிடிக்கறதுலயே வாழ்க்கையப் போட்டவங்க, 1993ல ஜீன் கிடைச்சுது, ஆனா டெஸ்ட் எடுக்க அவங்களுக்கு மனசு வரல. அது எனக்கு முழுசா புரியுது, ஏன்னா அந்த நோய தடுக்க வழியே கிடையாது, தெரிஞ்சு என்ன செய்ய. உங்க விஷயத்துல தெரிஞ்சா செய்யறதுக்கு நிறைய இருக்கு. இன்னொண்ணு, டெஸ்ட் எடுக்காம விட்டா டாக்டர் உங்கள சும்மா விட மாட்டாங்க, பாசிட்டிவா இருக்கலாம்னு வெச்சுக்கிட்டு வருஷா வருஷம் எம்ஆர்ஐ, மேமோகிராம்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க, அதாவது பாசிட்டிவ் வந்தவங்களோட அலைச்சல் பயம் எல்லாம் உங்களுக்கும் இருக்கும், ஆனா நெகட்டிவா இருக்கறதுக்கான வாய்ப்ப மட்டும் நீங்களே கதவ சாத்தி வெளிய நிறுத்தியிருப்பீங்க. அந்த வாய்ப்பு சின்னதில்ல, அம்மாவுக்கு அந்த கோளாறு இருந்திருந்தாலும் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்கு பாதிதான்.

அதனால என் அபிப்பிராயம், எடுக்கலாம். ஆனா நீங்க முதல்ல எடுக்காதீங்க. இத நிறைய பேர் தலைகீழா செய்யறாங்க, பயந்தவங்க முதல்ல ஓடிப் போய் ரத்தம் குடுத்துடறாங்க. முதல்ல எடுக்க வேண்டியது கேன்சர் வந்தவங்க, அதாவது உங்க சித்தி.

ஏன்னு சொல்றேன். நீங்க நேரா போய் எடுத்து நெகட்டிவ்னு வந்தா அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, வீட்ல ஓடற கோளாறு உங்களுக்கு வரல. இன்னொண்ணு, வீட்ல ஓடற கோளாறே அந்த டெஸ்டுக்கு பிடிபடல. ரெண்டுக்கும் ரிப்போர்ட் ஒரே மாதிரிதான் இருக்கும், நீங்க சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவீங்க, ஆனா அந்த சந்தோஷத்துக்கு அடியில தரை இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அதே சித்திக்கு எடுத்து, இன்ன ஜீன்ல இன்ன இடத்துல கோளாறுன்னு வந்துடுச்சுன்னா, அப்புறம் உங்களுக்கு அந்த ஒரே இடத்த மட்டும் பாத்தா போதும், அங்க இல்லன்னா உங்க ரிஸ்க் ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கற அளவுக்கு இறங்கிடும். அதுதான் நம்பக்கூடிய நெகட்டிவ்.

சித்திக்கு நெகட்டிவ் வந்தா? அப்ப கதை முடியல. சித்திக்கு வந்தது தற்செயலா வந்ததா இருக்கலாம், அம்மாவுக்கு வந்தது மட்டும் பரம்பரையா இருக்கலாம், மார்பகப் புற்றுநோய் அவ்ளோ சாதாரணமா வர்ற நோய். அந்த கட்டத்துல நீங்க எடுக்கறதுல அர்த்தம் இருக்கு. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில பயாப்ஸி திசுவ மெழுகுக் கட்டியா, பாராஃபின் பிளாக்னு சொல்வாங்க, அத பல வருஷம் வெச்சிருப்பாங்க, சில சமயம் அதுலேருந்தே பாக்க முடியும், கேட்டுப் பாருங்க, நஷ்டம் இல்ல.

சித்திகிட்ட போய் "எனக்காக எடுங்க"ன்னு கேக்க சங்கடமா இருக்கும், ஒரு பெரிய கண்டத்த தாண்டி வந்திருக்காங்க, மறுபடி அதே பேச்சான்னு தோணும். ஆனா இதுல அவங்களுக்கே லாபம் இருக்கு. பிஆர்சிஏ கோளாறு இருந்தா இன்னொரு மார்பகத்துக்கும் ஓவரிக்கும் ரிஸ்க் இருக்கு, அத இப்பவே கவனிக்கலாம், அதோட அந்த கோளாறு உள்ளவங்களுக்குன்னே வேலை செய்யற ஓலாபரிப் மாதிரி மாத்திரைங்க வந்திருக்கு, 2021லேருந்து ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்லயும், மறுபடி வர வாய்ப்பு அதிகமா உள்ள சிலருக்கு அத குடுக்கலாம்னு ஆராய்ச்சி இருக்கு. சித்திக்கு அது இப்ப தேவைப்படாம இருக்கலாம், அத அவங்க டாக்டர்தான் சொல்லணும், நான் எழுதறவ, டாக்டர் இல்ல. ஆனா கேக்கும்போது "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும் சித்தி"ன்னு கேளுங்க. அவங்க வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, ரெண்டாவது தடவை வேணா கவுன்சிலர் மூலமா பேசலாம்.

அந்த 87 சதவீதம். ஜோலி 2013ல எழுதினப்ப அவங்க டாக்டர்ங்க அவங்களுக்கு சொன்ன கணக்கு அது, பிஆர்சிஏ 1 கோளாறு, அவங்க அம்மா 56 வயசுல போயிட்டாங்க. பழைய கணக்குங்க பலதும் நிறைய பேருக்கு கேன்சர் வந்த குடும்பங்களையே தேடிப் பிடிச்சு போட்டது, அதனால தூக்கலா இருக்கும். 2017ல வந்த பெரிய ஆய்வுல கோளாறு உள்ள பெண்கள வருஷக்கணக்கா கூடவே தொடர்ந்து பாத்தாங்க, அதுல 80 வயசுக்குள்ள மார்பகப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு பிஆர்சிஏ 1ல 72 சதவீதம், பிஆர்சிஏ 2ல 69. ஓவரிக்கு 44, 17. இதுவும் சின்ன நம்பர் இல்லதான், ஆறுதலுக்காக குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா "80 வயசுக்குள்ள"ங்கறத சேத்தே படிங்க. நாளைக்கு காலையில 72 சதவீதம்னு அர்த்தம் இல்ல, அது ஒரு வாழ்நாள் முழுக்க பரவிக் கிடக்கற கணக்கு.

பாசிட்டிவ் வந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டீங்களே, அந்த கேள்விய டெஸ்டுக்கு முன்னாடியே உக்காந்து யோசிக்கறதுதான் பாதி வேலை. மார்பகத்துக்கு ரெண்டு பாதை. வருஷா வருஷம் எம்ஆர்ஐயும் மேமோகிராமும் எடுத்து சீக்கிரம் கண்டுபிடிக்கறது ஒண்ணு, முன்கூட்டியே ஆபரேஷன் பண்ணி எடுத்துடறது ஒண்ணு, எடுத்தா ரிஸ்க் 90 சதவீதம் அளவுக்கு குறையும். எத எடுத்துக்கறதுங்கறது அவங்கவங்க மனசு, ரெண்டும் மரியாதையான முடிவுதான், ஜோலி எடுத்தாங்கன்னு நீங்களும் எடுக்கணும்னு இல்ல. ஓவரி விஷயத்துல மட்டும் நான் இப்படி மழுப்ப மாட்டேன். அங்க ஸ்கேனும் சிஏ 125 ரத்த டெஸ்டும் உயிரக் காப்பாத்தும்னு நம்பி பிரிட்டன்ல 2 லட்சம் பெண்கள வெச்சு பண்ணின பெரிய ஆய்வுலயே சாவு எண்ணிக்கை குறையலன்னு 2021ல வந்துச்சு. அவங்க சாதாரண ரிஸ்க் உள்ளவங்கதான், இருந்தாலும் ரிஸ்க் அதிகம் உள்ளவங்களுக்கும் ஸ்கேன நம்பி உக்கார வைக்க டாக்டர்ங்க தயாரா இல்ல. அதனால பிஆர்சிஏ 1னா குழந்தை பெத்துக்கறது முடிஞ்சதும் 35லேருந்து 40க்குள்ள ஓவரியையும் கருக்குழாயையும் எடுத்துடச் சொல்றாங்க, பிஆர்சிஏ 2னா 40லேருந்து 45 வரைக்கும் பொறுக்கலாம். எடுத்தா அன்னைக்கே மெனோபாஸ், உடம்பு எரிச்சல், தூக்கக் கெடுதல், எலும்பு, இதயம்னு அதுக்குன்னு தனியா கவனிக்க வேண்டியது வரும், லேசான விஷயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உங்களுக்கு 33. பாருங்க, இந்த கணக்குல உங்களுக்கு அவகாசம் இருக்கு, இந்த வாரமே முடிவு பண்ணியாகணும்னு இல்ல. ஆனா ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு 10 வருஷம் ஓட்டறதுக்கு இடம் இல்ல. இன்னொரு குழந்தை வேணுமான்னு ஒரு எண்ணம் இருந்தா அதையும் இந்த பேச்சுலயே சேத்துக்குங்க.

பாசிட்டிவ், நெகட்டிவ் தவிர மூணாவதா ஒண்ணு வரும், அத யாரும் முன்னாடியே சொல்றதில்ல, வந்த அன்னைக்கு ஜனங்க குழம்பிப் போயிடறாங்க. ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கு, ஆனா அது கெடுதலா இல்லையான்னு இன்னும் தெரியல, வியூஎஸ் (VUS)னு ரிப்போர்ட்ல போட்டிருப்பாங்க. ஒரே டெஸ்ட்ல எத்தனை அதிகம் ஜீன பாக்கறாங்களோ அத்தனை அதிகம் இது வரும். இதுக்கு செய்ய வேண்டியது என்னன்னா ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான். இத வெச்சு ஆபரேஷன் பண்ணிக்கக் கூடாது, தங்கச்சி அக்கா எல்லாரையும் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ண வைக்கக் கூடாது. பின்னாடி வகை மாத்தறப்ப பெரும்பாலும் கெடுதல் இல்லாததுன்னுதான் மாத்தறாங்க.

எச்சில் கிட் வேணாம். எச்சில்ல தப்பில்ல, ஆஸ்பத்திரி லேபும் சில சமயம் எச்சில்தான் வாங்கும். பிரச்சினை என்ன பாக்கறாங்கங்கறதுல. இந்த மாதிரி கிட் விக்கற 23 அண்ட் மீ கம்பெனிக்கு 2018ல அமெரிக்க அரசு அனுமதி குடுத்தது பிஆர்சிஏல வெறும் 3 மாற்றத்துக்குத்தான், அந்த மூணும் அஷ்கெனாசி யூதர்கள்கிட்ட, அதாவது ஐரோப்பிய வழி யூதர்கள்கிட்ட, அதிகமா காணப்படறது. 2023ல அது 44 ஆச்சு, ஆனா கெடுதலான மாற்றம் ஆயிரக்கணக்குல இருக்கு. அதுல நெகட்டிவ்னு வந்து நீங்க நிம்மதியானா, உங்க வீட்டுக்காரர் சொல்ற நிம்மதிய விட அது ஆபத்தானது. அதுவும் யாருக்கும் தெரியாம ராத்திரி தனியா ஒரு ஸ்க்ரீன்ல இந்த ரிசல்ட்ட பாக்கற நிலைமை உங்களுக்கு வேணாம்.

தம்பிகிட்ட இத படிக்கக் குடுங்க. தம்பி, ஜீனுக்கு ஆம்பளை பொம்பளை கணக்கு கிடையாது, அம்மாகிட்டேருந்து அக்காவுக்கு வர எவ்ளோ வாய்ப்போ உனக்கும் அவ்ளோதான். பிஆர்சிஏ 2ல கோளாறு இருந்தா பிராஸ்டேட் கேன்சர் வாய்ப்பு ஏறும், சின்ன வயசுலயே முரட்டுத்தனமா வரலாம், ஆம்பளைங்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், கணையத்துலயும் வரும். உங்க தாத்தாவுக்கு வந்தது எதுன்னு யோசி. உனக்கு ஒண்ணும் வராமலே உன் பொண்ணுக்கு போகலாம், உங்க தாத்தா வழியாதான் உங்க அம்மாவுக்கு வந்திருக்கும்னு நான் நினைக்கறேன், நிரூபிக்க முடியாது.

பொண்ணுக்கு இப்ப வேணவே வேணாம். 6 வயசுல பிஆர்சிஏ தெரிஞ்சு செய்யறதுக்கு எதுவும் இல்ல, 18 தாண்டி அவளே முடிவு பண்ணட்டும். குழந்தையிலயே பாக்க வேண்டிய ஜீன்களும் இருக்கு, குழந்தை வயசுலயே கேன்சர் வர வைக்கற லி ஃப்ராமெனி மாதிரி, ஆனா உங்க குடும்பக் கதை அந்த மாதிரி தெரியல, கவுன்சிலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

இன்ஷூரன்ஸ் பத்தி நீங்க கேக்கல, நானே சொல்றேன். ஆயுள் காப்பீடு எடுக்கற எண்ணம் இருந்தா டெஸ்டுக்கு முன்னாடியே உங்க நாட்டுச் சட்டம் என்னன்னு விசாரிச்சுக்குங்க. அமெரிக்காவுல 2008ல வந்த சட்டம் ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கும் வேலைக்கும் பாதுகாப்பு குடுக்குது, ஆயுள் காப்பீட்ட அது தொடல. ஊருக்கு ஊர் இது மாறும்.

கவுன்சிலர பாக்கப் போறப்ப அம்மாவோட பயாப்ஸி ரிப்போர்ட், சித்தியோட ரிப்போர்ட், யாருக்கு எந்த வயசுல என்ன வந்துச்சுங்கற லிஸ்ட், அப்பா வழி ஆளுங்களையும் சேத்து, எல்லாம் கொண்டு போங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, அவர் கேள்வியெல்லாம் அங்கயே கேக்கட்டும். சித்திக்கு ரிசல்ட் வந்தா "பாசிட்டிவாம்"னு வாய்வார்த்தையா வாங்கிக்காதீங்க, ரிப்போர்ட் காப்பியே வாங்குங்க, அதுல ஜீன் பேருக்கு பக்கத்துல எழுத்தும் நம்பருமா ஒரு வரி இருக்கும், உங்களுக்கும் தம்பிக்கும் லேப்ல தேடப் போறது அந்த ஒரு வரியத்தான்.