பள்ளி, கல்லூரிகள் புகையிலைப் பழக்கத்தை எப்படித் தடுக்க முடியும்?

இந்தியாவில் இதற்கு 'புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. வளாகத்துக்குள் யாரும் புகையிலையைப் பயன்படுத்தக் கூடாது. சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவும் கூடாது. விற்பனைத் தடை 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே உண்டு.

ஏன் தூரத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்? நிக்கோட்டின் சீக்கிரம் அடிமையாக்கும், அதிலும் பதின்ம வயதில். முதல் தடவை பெரும்பாலும் கூட்டாளிகளோடு, கையில் இருக்கும் சில்லறையில் நடந்துவிடுகிறது. பெட்டிக்கடையில் சிகரெட்டை ஒற்றையாக வாங்குகிறவன், அட்டையில் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படத்தைப் பார்ப்பதே இல்லை. பற்றவைக்கக் கயிற்று நெருப்பும் அங்கேயே தொங்கும்! மேசையில் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சர்க்கரை நோயாளியிடம் தொடாதே என்று சொல்வது போலத்தான் வெறும் அறிவுரை.

சரி, நிறுவனம் என்ன செய்யலாம்? அறிவிப்புப் பலகையோடு நிறுத்தினால் போதாது. 100 கெஜ எல்லையில் மஞ்சள் கோடு போடலாம், ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராக்கலாம், மீறும் கடையைப் பற்றிப் புகார் தரலாம். நிலவரம் அறிய கழிப்பறைப் பின்புறம் போய்ப் பாருங்கள்: பீடித் துண்டு, குட்கா பொட்டலம், சுவரில் எச்சில் கறை. அரசு வழிகாட்டுதலும் இவற்றைத்தான் தேடச் சொல்கிறது. பிடிபட்ட பையனை நீக்குவதைவிட ஆலோசனைக்கு அனுப்புவதே என் கணிப்பில் பலன் தரும்.

வளாகத்துக்குள் புகையிலை கூடாது என்பது மாணவர்களுக்கு மட்டுமான விதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆசிரியர், காவலாளி, காத்திருக்கும் பெற்றோர் என வளாகத்துக்குள் வரும் எல்லோருக்கும் இது பொருந்தும்.