அப்பா இறந்து மூன்று மாதமாகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை. துக்கத்திலிருந்து மீள எங்கே உதவி கிடைக்கும்? படிக்கப் புத்தகம் ஏதாவது உண்டா?

மூன்று மாதம் ரொம்பக் குறைவுங்க. "இன்னுமா தேறலை?" என்று யாராவது கேட்டால் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

என் அப்பா 2023 மே மாதம் போனார். குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் ஊர், நெல் விவசாயம். பதினாறு நாளும் வீடு நிறைய ஆள். அத்தைகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நடவு ஆட்களுக்கு அப்பா மோர் ஊற்றியதிலிருந்து கடைசியாக அவர் வாங்கிய செருப்பு வரை அதில் வந்தது. பெண்களுக்கு அப்படி ஒரு வழி இருந்தது. என்னிடம் மட்டும், "நீ உடைஞ்சுட்டா அம்மாவை யாரு பாத்துக்கிறது?" என்றார்கள். நானும் அழாமல் பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்தார்கள். துக்கம் எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று மோட்டார் கொட்டகையைத் திறந்தேன். ஆணியில் அவர் துண்டு. மாடத்தில் கணக்கு நோட்டு. கடைசி வரியில், "மோட்டார் காயில் கட்டியது, பாக்கி 200" என்று எழுதியிருந்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த இருநூறைக் கொடுக்க மெக்கானிக்கிடம் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். ஒரு மழை ராத்திரி முழுக்க அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு, தூக்கம் வராமலிருக்கப் பழைய சினிமாப் பாட்டாகப் பாடினாராம். வீட்டில் அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. அன்று இரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அதனால் முதலில் நான் சொல்வது இதுதான்: உங்கள் அப்பாவைத் தெரிந்தவர்களைத் தேடிப் போங்கள். கூட வேலை பார்த்தவர், டீக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. ஆறுதல் சொல்பவரைவிட அவர் பெயரைச் சொல்லிப் பேசுபவர்தான் எனக்கு உதவினார்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அந்த நாட்களில் என்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று யூடியூபில் நிறையச் சொல்வார்கள். அது எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர், மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி 1969-ல் எழுதியது. நமக்கு அதே வரிசையில்தான் நடக்க வேண்டும் என்று இல்லை.

வீட்டில் பேச முடியாததைப் பேச 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று பெயர், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நான் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். முதல் ஐந்து நிமிடம் அழுகைதான். அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படுத்தவே இல்லை. அப்புறம், "அப்பா எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க" என்றார்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேலும் குளிக்கவோ வேலைக்குப் போகவோ முடியாதபடி துக்கம் அழுத்தினால், அது சிகிச்சை தேவைப்படும் நிலையாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். உடனே 14416-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வங்கி என்று அலைய வேண்டியிருக்கும். ஒவ்வொரு கவுண்டரிலும் "இறந்தவர் பெயர்" என்று எழுதும்போது கை நடுங்கியது. தனியாகப் போகாதீர்கள். மச்சான் ஒருவர் கூட வந்து எனக்காகப் படிவம் நிரப்பினார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

தலைத் திவசம் முடிந்து அடுத்து வந்த ஆடி அமாவாசைக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போனேன். நிற்க இடமில்லாத கூட்டம். பக்கத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்த பெரியவர், "யாருக்கு தம்பி?" என்றார். அப்பாவுக்கு என்றேன். "எனக்கு அம்மா. முப்பத்தோரு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு, ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்து, அந்த அம்மா வைக்கும் மீன் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.