வட்டம், நட்சத்திரம், விருது: கார் ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம்?

மிச்சிகனில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் வாரண்டிப் பிரிவில் இருந்தேன். பழுதாகித் திரும்பி வரும் பாகங்களும் அவற்றோடு வரும் புகார்ச் சீட்டுகளும்தான் என் பிழைப்பு. அந்த உரிமையில்தான் கார் ரேட்டிங் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி: சார், ரெண்டு எஸ்யூவி பார்த்து வெச்சிருக்கோம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்ல ஒண்ணு சராசரிக்கு மேல, இன்னொண்ணு சராசரி. மனைவிக்குப் பிடிச்சது அந்த சராசரி. என்ன பண்ணலாம்?

மனைவிக்குப் பிடித்ததை வாங்குங்கள். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்பது பொருள்களைச் சோதித்து எழுதும் அமெரிக்கப் பத்திரிகை. அவர்கள் வருஷா வருஷம் உறுப்பினர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். கடந்த 12 மாதத்தில் உங்கள் காரில் பெரிய செலவு வைத்த, ஆபத்தான, ஓடாமல் நிறுத்திய, அல்லது ஒர்க்‌ஷாப்பில் நாள்கணக்கில் போட்டுவைத்த பழுது ஏதாவது உண்டா என்பதுதான் கேள்வியின் சாரம். எஞ்சின், கியர்பாக்ஸ் பழுதுக்குக் கூடுதல் எடை போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் கடைசியில் ரேட்டிங்காக நம் கைக்கு வரும் கலர் வட்டம் ஓர் ஒப்பீடு. அதே வருஷத்து மற்ற கார்களைவிட மேலா கீழா என்று சொல்லும். எத்தனை கார் பழுதானது என்று சொல்லாது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 100 காரில் 10 கார் தொல்லை கொடுத்தால் சராசரி, 7 கார் என்றால் சராசரிக்கு மேல். அப்படியென்றால் முதல் வகை வாங்கிய 90 வீட்டில் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது வகை வாங்கிய 93 வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று வீட்டுக்காக, முதுகுக்கு ஒத்துவராத சீட்டில் பத்து வருஷம் உட்காரப் போகிறீர்களா?

கடைசிப் படியில் கிடக்கும் கார் என்றால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஏதோ ஒன்று நிஜமாகவே சரியில்லாமல் இருக்கும். இந்த அட்டவணையை வைத்து நான் கழிப்பேன். பொறுக்கி எடுக்க மாட்டேன்.

டல்லஸ்: டீலர் ஷோரூம்ல ஜே.டி. பவர் விருதுன்னு ஆளுயர போர்டு வெச்சிருக்காங்க. அதுவும் இதுவும் ஒண்ணுதானா அண்ணா?

இல்லை தம்பி. போர்டில் எந்த ஆய்வு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். ஜே.டி. பவர் என்பது வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்கும் ஆய்வு நிறுவனம், பல ஆய்வு நடத்துகிறது. 'ஆரம்பத் தரம்' என்பது வாங்கிய முதல் 90 நாளில் வந்த புகார்கள். 'நீடிப்பு' என்பது மூன்று வருஷம் ஓடிய கார்களைப் பற்றியது. இரண்டிலும் 100 காருக்கு எத்தனை புகார் என்று எண்ணுகிறார்கள். எண்ணும்போது எல்லாப் புகாரும் ஒன்றுதான். புளூடூத் போனோடு சேரவில்லை என்பதும் ஒன்று, கியர் மாறவில்லை என்பதும் ஒன்று.

ஃபோர்டுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். 2010 ஆரம்பத் தர ஆய்வில் 100 காருக்கு 93 புகாரோடு ஃபோர்ட் 5ஆம் இடம். மறு வருஷம் 116 புகார், 23ஆம் இடம். ஒரே வருஷத்தில் 18 படி சறுக்கல், செய்தியெல்லாம் அதுதான். கணக்குப் போட்டால் நாலு காருக்கு ஒரு புகார்கூட முழுசாகக் கூடவில்லை. அந்த வருஷத்து சராசரியே 107. கூட்டம் அவ்வளவு நெருக்கி நிற்கும்போது கொஞ்சம் நகர்ந்தாலே பத்துப் பேருக்குப் பின்னால் போய்விடுவோம்.

ஏன் கூடியது? முக்கியமாக மைஃபோர்ட் டச் என்ற புதுத் தொடுதிரை. தொட்டால் வேலை செய்யவில்லை, மெனு புரியவில்லை என்று ஜனங்கள் பொரிந்து தள்ளினார்கள். கூடவே, புது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் திக்கித் திக்கி இழுக்கிறது என்ற முணுமுணுப்பும் வந்தது. திரையைப் பிற்பாடு சாஃப்ட்வேர் அப்டேட் விட்டுச் சரிக்கட்டினார்கள். கியர்பாக்ஸ் அப்படிப் போகவில்லை. ஃபியஸ்டா, ஃபோக்கஸ் வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். மொத்த எண்ணை மட்டும் பார்த்தவனுக்கு இரண்டும் ஒரே கவலை. எந்தப் பகுதியில் புகார் என்று பிரித்துப் பார்த்தவன் தப்பித்தான்.

சிகாகோ: கம்பெனிக்காரங்க காசு கொடுத்து ரேட்டிங் வாங்குறாங்கன்னு சொல்றாங்களே?

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936லிருந்து நடக்கிறது. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் கார்களைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி டீலரிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தங்கள் ரேட்டிங்கைக் கம்பெனிகள் விளம்பரத்தில் போட வெகுகாலம் விட்டதுமில்லை. ஜே.டி. பவரின் தொழில் வேறு: கார் கம்பெனிகளுக்கே ஆய்வை விற்கிறார்கள், விருதை விளம்பரத்தில் போட உரிமத் தொகை வாங்குகிறார்கள். அதை லஞ்சம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வித்தாள் முதலில் கம்பெனியின் தேவைக்காக எழுதப்பட்டது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா: டொயோட்டாக்காரங்க தங்கள் வண்டியை விட்டுக்கொடுக்க மாட்டாங்க. அந்தப் பாசம் ரேட்டிங்கில் கலக்காதா ஐயா?

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. இப்போது டெஸ்லா இருக்கும் ஆலையில் 1984 முதல் 2010 வரை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாகக் கார் செய்தன, நம்மி என்பார்கள். அங்கே டொயோட்டா கொரோலாவும் வந்தது, அதன் உடன்பிறப்பான ஜியோ பிரிசமும் வந்தது. சட்டை வேறு, உள்ளே எலும்பு ஒன்று. ஆனாலும் பழைய கார் சந்தையில் பிரிசம் மலிவாகத்தான் போனது. விவரம் தெரிந்தவர்கள் பிரிசத்தை வாங்கி, கொரோலாவை ஓட்டினார்கள்.

பாசம் கலப்பதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். ஒரே தண்ணீர் பம்பை இரண்டு பிராண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே மாதத்தில் இரண்டு பம்ப் திரும்பி வந்தது, இரண்டிலும் ஒரே சீல், ஒரே இடத்தில் கசிவு. ஒன்றின் சீட்டில், 'ஆயில் மாற்ற வந்தபோது கவனிக்கப்பட்டது, வாடிக்கையாளருக்கு அவசரமில்லை'. இன்னொன்றில், 'வாடிக்கையாளர் கடும் கோபம், இந்தக் கம்பெனி காரே இனி வேண்டாம் என்கிறார்'. பெரிய பழுதா என்று சர்வேயில் கேட்டால் முதல் ஆள் 'இல்லை' என்றுதான் டிக் அடித்திருப்பார். இருந்தாலும் எஞ்சினே உட்கார்ந்துபோனால் எந்தப் பாசமும் மறைக்காது. பாசம் விளையாடுவது நடுத்தட்டில்தான்.

சியாட்டில்: போன மாசம்தான் வந்த மாடல். அதுக்குள்ள எப்படி ரேட்டிங் போடுறாங்க?

பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பன் ஜாதகத்தை வைத்துப் பலன் சொல்வது மாதிரி. அந்தக் கம்பெனியின் முந்தைய கார்கள் எப்படி இருந்தன என்று பார்த்துக் கணிக்கிறார்கள். அடியோடு மாறிய மாடலுக்கு அதில் நான் அதிகம் தொங்க மாட்டேன், ஒரு வருஷம் பொறுப்பேன்.

இன்னொன்று, ஓட்டிப் பார்த்துப் போடும் மார்க்கும் இந்தப் பழுது ரேட்டிங்கும் வேறு. 2015 ஆகஸ்டில் டெஸ்லா மாடல் எஸ் பி85டிக்கு கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நூறையே தாண்டி 100க்கு 103 போட்டது. அந்த அக்டோபரிலேயே, சுமார் 1,400 உரிமையாளர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு, மாடல் எஸ்ஸுக்குக் கொடுத்த பரிந்துரையை விலக்கிக்கொண்டது. ஓட்ட அருமையான கார்தான், அடிக்கடி சர்வீசுக்கும் போனது.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி: எங்க ஊர் டியூஃப் அறிக்கை ஆளைக் கேட்காமல் காரையே சோதிக்கிறது. அது நம்பகமானது இல்லையா?

டியூஃப் என்பது ஜெர்மனியில் கார்களுக்குக் கட்டாயச் சோதனை நடத்தும் அமைப்பு. பாசம் கலக்காது, உண்மை. ஆனால் அங்கே பார்ப்பது பிரேக், விளக்கு, அச்சு, டயர். கியர்பாக்ஸ் அடுத்த வாரம் போகுமா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. போர்ஷே 911 வழக்கமாக மேலே நிற்பதற்கு அதன் தரம் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்து, கேரேஜில் தூங்கும் கார் என்பது இன்னொரு காரணம். 2024 அறிக்கையில் டெஸ்லா மாடல் 3 கடைசி. மின்காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க் வேலையில்லாமல் துருப்பிடிக்கும். கட்டாய வருஷ சர்வீஸும் இல்லாததால், சோதனைக்கு முன்னால் அதைப் பார்க்க ஆளில்லை.

நடுவழியில் நின்ற காருக்கு உதவும் உங்கள் ஊர் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி கொடுக்கும் பழுதுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் அதில் பத்துக்கு நாலுக்கு மேல் பேட்டரிக் கோளாறு. கார் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் உங்கள் பேட்டரிக்கு எத்தனை வயசு என்று பாருங்கள்.

கோயம்புத்தூர்: அண்ணா, 5 ஸ்டார் வாங்கின வண்டி. பத்து வருஷம் பிரச்சினை இல்லாம ஓடும்ல?

அந்த 5 ஸ்டார், வண்டி மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதற்கான நட்சத்திரம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற இந்திய மோதல் சோதனையும் அதைத்தான் பார்க்கிறது. கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் கிளட்ச் எத்தனை நாள் வரும் என்று அது சொல்லாது. அதற்கு அந்த மாடலை டாக்ஸியாக ஓட்டுபவர் இரண்டு பேரிடமும், கம்பெனி சாராத மெக்கானிக் ஒருவரிடமும் கேளுங்கள். அமெரிக்க அட்டவணையில் அதே பெயரைத் தேடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எஞ்சினும் பெட்ரோலும் ரோடும் வேறு.

ஸ்கார்பரோ, டொராண்டோ: எட்டு வருஷப் பழைய கார் வாங்கப் போறன். ரேட்டிங் உதவுமோ?

பழைய காருக்குத்தான் அதிகம் உதவும், ஏனென்றால் அங்கே ஜோசியம் இல்லை, நடந்த கதை இருக்கிறது. பிராண்டைப் பார்க்காமல் வருஷத்தையும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பாருங்கள். ஒரே மாடலில் ஒரு வருஷம் தங்கமாக இருக்கும், அடுத்த வருஷம் கியர்பாக்ஸை மாற்றித் தொலைத்திருப்பார்கள். உங்கள் ஊரில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். அது அடித்தட்டை என்ன செய்தது என்று எந்த அட்டவணையிலும் இருக்காது. வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று பாருங்கள். பிரேக் குழாய் சொரசொரவென்று பொருக்காக உதிர்ந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

ஹூஸ்டன்: மாமனார் லைப்ரரியில இருந்து 2009 கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கார். நான் பேசி முடிச்ச பழைய கார் வரிசையில எல்லாம் சிவப்பு வட்டம். வேண்டவே வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்.

அந்தக் காலத்து இதழில் முழுச் சிவப்புதான் ஆக நல்லது, முழுக் கறுப்புதான் ஆக மோசம். 2016இல் மாற்றினார்கள், இப்போது பச்சை நல்லது, சிவப்பு மோசம். உங்கள் மாமனார் பழைய இதழைப் புதுக் கண்ணால் படித்திருக்கிறார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பது என் துறை இல்லை. வேறு யாரும் அட்வான்ஸ் கொடுப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.