இரண்டு மொழியில் வளரும் பிள்ளைகள்: கேட்டதும் சொன்னதும்

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய குழித்துறைப் பக்கம் மழலையர் வகுப்பு, அப்புறம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி என்றே என் வேலைக்காலம் போனது. சின்னப் பிள்ளைகளின் மொழி பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

களியக்காவிளையிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், நான் மலையாளம், அவர் தமிழ். இரண்டரை வயசு மகள் "அப்பா, பூச்ச ஓடிப் போச்சு" என்று கலந்து பேசுகிறாள். குழம்பிப் போவாள், ஒரு மொழியை விட்டுவிடுங்கள் என்று ப்ளே ஸ்கூலில் சொல்கிறார்கள். விட்டுவிடவா?

விடவே விடாதீர்கள். அந்த வயசில் எந்தச் சொல் சட்டென்று வாயில் வருகிறதோ அதைப் போட்டுப் பேசுவார்கள், அது குழப்பம் இல்லை, பெரியவர்கள் நாமும் மார்த்தாண்டம் சந்தையில் அப்படித்தானே பேசுகிறோம். உங்களிடம் வரும்போது மலையாளம் கூடுதலாகவும் அப்பாவிடம் தமிழ் கூடுதலாகவும் வருகிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள், ஆளுக்கு ஏற்ற மொழியை அவள் இப்போதே பிரிக்கத் தொடங்கியிருப்பாள். அவள் "பூச்ச ஓடிப் போச்சு" என்றால் அப்பா, "ஆமா, பூனை ஓடிப் போச்சு, சுவர் மேல ஏறி உக்காந்திருக்கு பாரு" என்று நீட்டிச் சொன்னால் போதும். சரியான சொல்லும் காதில் விழுந்துவிடும், பேச்சும் நிற்காது. "பூச்ச இல்லை, பூனை, எங்கே சொல்லு" என்று நிறுத்தினால் அவள் சொல்ல வந்த விஷயமே அறுந்துபோகும். அப்புறம் ஒன்று: நீங்கள் மலையாளத்தை விட்டால் உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் அவளிடம் கொஞ்சமாகத்தான் பேசுவீர்கள். கதை குறையும், கொஞ்சல் குறையும், அம்மம்மையோடு அவள் பேசும் பேச்சே இல்லாமல் போகும். அதுதான் உண்மையான நஷ்டம்.

தோவாளைப் பக்கம் ஒரு அங்கன்வாடிப் பணியாளர்: செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், நாலு வயசு. சேர்ந்து இரண்டு மாசம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. மந்தமோ என்று உதவியாளர் கேட்கிறார்.

அவசரப்பட்டு அப்படி ஒரு பெயர் வைத்துவிடாதீர்கள், தங்கச்சி. புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளை பல வாரம், சில சமயம் சில மாசம்கூட வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். பேசுகிறானா என்று பார்ப்பதை விட்டுவிட்டுப் புரிகிறதா என்று பாருங்கள். தட்டை எடு என்றால் எடுக்கிறானா, அபிநயப் பாட்டுக்குக் கை மட்டுமாவது ஆடுகிறதா, மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்றால் தானும் போய் நிற்கிறானா? அம்மாவோடு அவன் மொழியில் வாயாடுகிறானா என்று கூட்டிப்போக வரும்போது விசாரியுங்கள். அங்கே பேசினால் கவலையே வேண்டாம். தண்ணீர், பசி, வலி, மூத்திரம், அம்மா எப்போ வருவாள், இந்த ஐந்தையும் அந்த அம்மாவைச் சொல்லச்சொல்லி உங்கள் போனில் பதிவு செய்து நீங்கள் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் "பாணி?" என்று தம்ளரை நீட்டும்போது அந்த முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். எல்லார் முன்னாலும் நிறுத்தி "பேர் சொல்லு" என்று கேட்கவே கேட்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் நிறையப் பேசும் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் உட்காரவையுங்கள், முதல் தமிழ்ச் சொல் பெரும்பாலும் உங்களிடமிருந்து இல்லாமல் அந்தப் பிள்ளையிடமிருந்துதான் வரும்.

நாகர்கோவில், அப்பா வளைகுடாவில்: எல்கேஜி இங்கிலீஷ் மீடியம். வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்கிறார்கள்.

வேண்டாம். தமிழில் கதை கேட்டு, ஏன் எதற்கு என்று கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இங்கிலீஷுக்கும் கைகொடுக்கும். 2020 தேசியக் கல்விக் கொள்கைகூட, முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டு மொழியில் கற்பிக்கத்தான் சொல்கிறது. வீடியோ காலில் "சாப்பிட்டியா" என்பதோடு விடாமல் இன்றைக்கு வகுப்பில் யார் அழுதது, ஏன் அழுதது என்று தமிழில் கேளுங்கள், அவன் விவரித்துச் சொல்லட்டும்.

பளுகலிலிருந்து: பிள்ளை மலையாள மீடியத்தில் படிக்கப்போகிறாள். யுகேஜியிலேயே இரண்டு எழுத்தையும் சொல்லிக்கொடுக்கலாமா?

பேச்சு இரண்டும் சேர்ந்தே போகட்டும், எழுத்தில் ஒன்று நன்றாகப் பிடிபட்ட பிறகு அடுத்தது. 2006 தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பாடம் உண்டு, அதனால் பிந்திவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மலையாள எழுத்து முதலில் படித்த பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ஒரே க எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும், மலையாளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து இருப்பதால் "காகம்" என்பதில் இரண்டு ககரத்தையும் ஒரே மாதிரி அழுத்தி வாசிப்பார்கள். விதி சொல்லாதீர்கள். படத்தைக் காட்டி, முழுச் சொல்லாக நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், காது பழகினால் வாய் சரியாகிவிடும்.

குளச்சல்: பாட்டியிடம் வளர்வதால் கடற்கரைத் தமிழ் பேசுகிறான், பள்ளியில் கொச்சை என்கிறார்கள்.

கொச்சை என்று சொன்னது தப்பு, எனக்குக் கோபமே வருகிறது. சாளை, அயலை, நெத்திலி, வாளை, சூரை என்று கூடையைப் பார்த்தே பிரித்துப் பேர் சொல்லும் ஐந்து வயசுப் பிள்ளையின் சொல்வளத்தை எந்தப் படப் புத்தகம் கொடுக்கும்? பாடத் தமிழ் அதன்மேல் வந்து சேரும். பாட்டி பேசட்டும்.

மலையாளம் பழக யூடியூப் போட்டால் போதுமா?

போதாது. பதிலுக்குப் பதில் பேச ஆள் வேண்டும். இரண்டு முதல் நாலு வயசுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டுக்குக் கீழே அதுவும் வேண்டாம்.

அருமனை: மூன்று வயசு, இரண்டு மொழி வீடு, தனித்தனிச் சொல் மட்டும்தான். இரண்டு மொழி என்பதால் லேட் ஆகும் என்று பொறுத்திருக்கலாமா?

பொறுக்காதீர்கள். இரண்டு மொழியால் பேச்சு நின்றுபோகாது. இரண்டு மொழிச் சொல்லையும் கூட்டிக் கணக்குப் பார்த்தால் இரண்டு வயசுக்குள் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்ந்து வந்திருக்க வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. போகும் முன் அவன் சொல்லும் எல்லாச் சொல்லையும், தமிழோ மலையாளமோ, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு மொழியில் மட்டும் எண்ணிவிட்டுக் குறைவு என்று யாராவது முடிவு செய்துவிடக் கூடாது.