அமெரிக்க எல்லைப்புற ஷெரிஃப்களில் அதிகம் பேசப்படாத, உங்களுக்குப் பிடித்த ஒருவர் யார்?

பக்கி ஓ'நீல். எல்லைப்புறக் காவலராகப் புகழ்பெற்ற வையட் எர்ப்பைத் தெரிந்த அளவுக்கு இவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அரிசோனா மாநிலமாவதற்கு முன்பே பிரஸ்காட் ஊரில் பத்திரிகை நடத்தியவர், அப்புறம் ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர் மாதிரி), கடைசியில் மேயர். ஃபேரோ என்ற சீட்டாட்டத்தில் துணிந்து பணம் கட்டுவார். அந்த ஆட்டத்தில் பணம் கட்டுவதை 'பக்கிங் த டைகர்' என்பார்கள்; பக்கி என்ற பெயர் அதில் ஒட்டிக்கொண்டதுதான்.

எனக்கு இவரைப் பிடித்துப்போனது துப்பாக்கியால் அல்ல. டெபுடி ஷெரிஃப் ஒருவரைக் கொன்ற டென்னிஸ் டில்டாவை 1886-ல் தூக்கிலிட்டார்கள். காவலுக்கு நின்றது 'பிரஸ்காட் கிரேஸ்' என்ற உள்ளூர்த் தொண்டர் படை. அதன் கேப்டன் ஓ'நீல். காலடிப் பலகை விலகியதுதான் தாமதம், கேப்டன் மயங்கி விழுந்துவிட்டார். ஊரே பார்த்தது. கைத்துப்பாக்கியே கௌரவமாக இருந்த ஊரில் அது எத்தனை பெரிய தலைகுனிவு! ஆனால் 1888-ல் அதே மக்கள்தான் அவரை யாவபாய் கவுண்டி (மாவட்டம்) ஷெரிஃபாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த மார்ச்சில் கேன்யன் டயாப்லோவில் நான்கு பேர் ரயிலைக் கொள்ளையடித்தார்கள். ஓ'நீல் சில ஆட்களோடு வாரக்கணக்கில் துரத்தி, யூட்டா எல்லைப் பக்கம் நால்வரையும் பிடித்தார். சண்டையில் குதிரை சுடப்பட்டு அவர் மேலேயே சாய்ந்தது. இவ்வளவுக்கும், கவுண்டிக்கு வெளியே அலைந்த செலவைத் தர மறுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

1898-ல் ஸ்பெயினோடு போர் வந்ததும் பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் 'ரஃப் ரைடர்ஸ்' என்ற தொண்டர் குதிரைப்படையில் கேப்டனாகச் சேர்ந்தார். கியூபாவின் டைகிரி துறையில் இறங்கும்போது கறுப்பினக் குதிரைப்படை வீரர்கள் இருவர் கடலில் விழுந்தார்கள். ஓ'நீல் சீருடையோடு அப்படியே குதித்தார். காப்பாற்ற முடியவில்லை.

பிறர் சாவதைத் தாங்காத அந்த மனிதர் தன் உயிரைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அதிகாரி பதுங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஜூலை 1-ம் தேதி, சான் ஹுவான் குன்றுகளின் அடிவாரத்தில் வீரர்கள் எல்லாரும் குப்புறப் படுத்திருக்க, இவர் சிகரெட்டும் கையுமாக முன்னே உலாத்திக்கொண்டிருந்தார். படுத்துவிடுங்கள் என்று ஒரு சார்ஜன்ட் கெஞ்சினார். என்னைக் கொல்லும் ஸ்பானியத் தோட்டா இன்னும் செய்யப்படவில்லை என்று சிரித்தார் ஓ'நீல். சில நொடிகளில் ஒரு தோட்டா வாய் வழியாகப் பாய்ந்து பின்னந்தலை வழியாக வெளியேறியது. வயது 38.